பச்சைமலையில் அசைபோட்ட மூன்று நாள்

மே மாதம் பிறந்துவிட்டால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மனிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மலைக்குப் போகிறவர்கள் ஒரு கட்சி. போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இன்னொரு கட்சி. காவிரி மணலில் கால் வைக்க முடியாது. மாடிச் சுவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தோசைக்கல்லாகச் சுடும். மின்விசிறி இருக்கிறதே, அது சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும்.

சென்ற வருஷம் நானும் முதல் கட்சியில் சேர்ந்தேன். பெயர்பெற்ற ஒரு மலை நகரத்துக்குக் குடும்பத்தோடு போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். திரும்பிய மறுநாள் அடுத்த வீட்டு மாமி, “என்னவெல்லாம் பார்த்தாய்?” என்று என் மனைவியைக் கேட்டார். அவள் சாவதானமாகப் பதில் சொன்னாள்:

“விடுதி அறையில் ஒரு மின்சார அடுப்பு இருந்தது; அதைப் பார்த்தேன். துவைத்த துணி நான்கு நாளும் காயாமல் தொங்கியது, அதைப் பார்த்தேன். படகுத் துறையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் முதுகை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். மற்றதெல்லாம் இவர் எடுத்த போட்டோவில் இருக்கிறது. இனிமேல்தான் பார்க்க வேண்டும்!”

சகோதரிகளே, இந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் சிரித்தால், உங்கள் வீட்டுக் கதையும் இதுதான் என்று அர்த்தம். புளியோதரை கட்டுவது யார்? பெட்டி அடுக்குவது யார்? சின்னவனுக்கு ஜுரம் வந்தால் ராத்திரி விழித்திருப்பது யார்? வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் நாலாயிரம் அடி உயரத்தில் வைத்து நடத்துவதற்கு ‘விடுமுறை’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த வருஷம் வேறு மாதிரி செய்வது என்று தீர்மானித்தோம். துறையூரில் கிழங்கு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பச்சைமலைக்கு வாருங்கள். ராத்திரி தங்குவதற்கு வனத்துறை விடுதி இருக்கிறது. பகலுக்கு, மாடு கன்று உள்ள வீடாகப் பார்த்துச் சொல்லிவைக்கிறேன். சாப்பாடும் அங்கேயே. ஆனால் ஒன்று, பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இராது. சம்மதமா?” என்றார்.

அந்த ‘ஒன்றும் இராது’ என்ற வார்த்தை என் மனைவிக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது.

துறையூர் போகிற வழி

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறினால், காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, அரிசிக்குப் பெயர்போன மண்ணச்சநல்லூர் வழியாகச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் துறையூர் போய்விடலாம். நடுவே திருவெள்ளறை வரும். அவசரம் இல்லாதவர்கள் அங்கே இறங்கிப் புண்டரீகாட்சப் பெருமாளைத் தரிசித்துவிட்டு, பக்கத்தில் உள்ள பல்லவர் காலத்துக் கிணற்றையும் பார்க்க வேண்டும். தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஏறக்குறைய 1200 வருஷங்களுக்கு முன்பு, வெட்டிய கிணறு அது. ஸ்வஸ்திகா வடிவில் நான்கு பக்கமும் படிகள் மடங்கி மடங்கி இறங்குகின்றன. ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. பெண்களின் சௌகரியத்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்று என் மனைவி குறிப்பாகச் சொன்னாள். அந்தக் குறிப்பு எனக்குத்தான் என்பது புரிந்தது.

துறையூரில் ஊருக்கு நடுவிலேயே பெரிய ஏரி இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பெருமாள்மலை. ‘தென் திருப்பதி’ என்று சொல்லி, சனிக்கிழமைகளில், அதிலும் புரட்டாசியில், ஜனங்கள் படியேறி வருவார்கள். நாங்கள் கீழிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சோபனபுரம் வழியாக மலைச் சாலையில் திரும்பினோம். மலைக்குப் போகிற பஸ்கள் குறைவு. துறையூரிலேயே நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள்; பச்சைமலைக்கு அவ்வளவு பயமுறுத்தல் கிடையாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்த என் மகள், பாதி மலையில் அதைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

மலையாளம் பேசாத மலையாளிகள்

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது எல்லாம் இதற்கு அண்ணன் தம்பிகள். திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று ஜில்லாக்களில் இது பரந்து கிடக்கிறது. பெரும்பாலும் ஐந்நூறிலிருந்து ஆயிரம் மீட்டர் உயரந்தான். ஆகையால், ஊட்டிபோல் பல் கிட்டும் குளிர் இராது. ராத்திரியில் ஒரு போர்வை இதமாக இருக்கும். பகலில் நிழலில் உட்கார்ந்தால் சுகம், வெயிலில் நின்றால் வெயில்தான்.

நாங்கள் தங்கியது டாப் செங்காட்டுப்பட்டியில். மலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் ‘மலையாளி’ என்ற பழங்குடியினர். “மலையாளிகள் வீடா? எனக்கு மலையாளம் பேச வராதே!” என்று என் மனைவி கிளம்பும்போதே கவலைப்பட்டாள். கவலையே வேண்டாம்! மலையில் ஆள்கிறவர்கள், வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது நம் தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்றும் அவர்களிடையே ஒரு வழிவழிக் கதை உண்டு. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பதில் மட்டும் மலைக்கு மலை கதை மாறும். கொல்லிமலைக்காரரும் பச்சைமலைக்காரரும் உறவு சொல்லிக்கொள்ள இந்தக் கதை போதும்.

மலையில் எங்கு பார்த்தாலும் பலா, மா, முந்திரி, மரவள்ளிக் கிழங்கு. நீங்கள் மாடியில் வடாம் இடுகிறீர்களே, அந்தச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவதுதான். இந்தப் பக்கத்துக் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய்ச் சவ்வரிசியாக உருண்டு உங்கள் சமையலறைக்கு வந்து சேர்கிறது. ஆகவே, பச்சைமலைக்கு நீங்கள் போகாவிட்டாலும் பச்சைமலை உங்கள் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது!

கன்று பிடித்த தோழி

நண்பர் சொல்லிவைத்திருந்த வீட்டில் இரண்டு பசுக்கள், ஒரு கன்று, ஆறு ஆடுகள், எண்ண முடியாத கோழிகள், யாருடையது என்று தெரியாத ஒரு நாய். வாசலில் பெரிய பலா மரம். அதன் அடியில் ஒரு கயிற்றுக் கட்டில். அவ்வளவுதான்.

பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் முதல் அரை மணி நேரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. “இங்கே என்ன செய்வது?” என்று கேட்டார்கள். என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள். அதில் சிக்னல் இல்லை. கட்டிலில் திரும்ப உட்கார்ந்தார்கள். அப்போது கன்றுக்குட்டி வந்து மகளின் பாவாடை நுனியை வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்தது. கதை அங்கேதான் தொடங்கிற்று. அன்று சாயங்காலம் அவள் புல் அறுக்கும் இடத்தில் நின்றாள். மறுநாள் காலையில் கன்றை அவிழ்த்துவிடும் பொறுப்பு அவளுடையது. கன்றின் நாக்கு உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்கும் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் அவளுக்குச் சொன்னதில்லை.

மகன் கோழிக் கட்சி. குஞ்சுகளை எண்ணுவதற்காக மூன்று நாளும் பிரயாசைப்பட்டான். ஒரு தடவை ஒன்பது, ஒரு தடவை பதினொன்று. தாய்க்கோழி ஒரே ஒரு முறை விரட்டியது. அதற்குப் பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தானாகத் தெரிந்துவிட்டது. நான் ஆறு வருஷமாகச் சொல்லியும் ஏறாத மரியாதையைக் கோழி ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொடுத்தது.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. கட்டிலில் படுத்துப் படிப்பதற்காக ஒரு வாரப் பத்திரிகை கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்புவதற்குள் ஓர் ஆடு தொடர்கதைப் பக்கங்களை ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தது. கடைசி வரியில் ‘தொடரும்’ என்ற வார்த்தை மட்டும் மிச்சம். ஆசிரியரிடம் இதைச் சொன்னால், கதை அவ்வளவு ருசியாக இருந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவார்.

பிற்பகலில் பசுக்கள் மேய்ச்சலிலிருந்து திரும்பி, மர நிழலில் மடங்கிப் படுத்துக்கொள்ளும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோடத் தொடங்கும். பசுவின் இரைப்பையில் நான்கு அறைகள். அவசரமாக விழுங்கிய புல்லை மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து, நிதானமாக மென்று அனுப்புகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு மணி நேரம் இந்த வேலைக்கே போகிறது. பார்த்தால் சும்மா படுத்திருப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த நேரம் இல்லாவிட்டால் தின்ற புல் சத்தாகாது, பாலும் சுரக்காது. நடந்ததை மனத்தில் திருப்பிப் பார்ப்பதற்குத் தமிழில் ‘அசைபோடுவது’ என்று சொல்கிறோமே, மாட்டை நன்றாகக் கவனித்தவர்கள் சொன்ன வார்த்தை அது.

உட்காரத் தெரியாத இருவர்

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? முதல் நாள் கையை வீசிக்கொண்டு வந்தவள், பத்து நிமிஷத்தில் சமையலறை வாசலில் போய் நின்றாள். “அக்கா, நான் ஏதாவது நறுக்கித் தரட்டுமா?” என்றாள். வீட்டுக்கார அம்மாள், “உக்காரம்மா, நீ விருந்தாளி” என்று திருப்பி அனுப்பிவிட்டார். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். குழந்தைகளின் சட்டையை மடித்தாள். அதையே பிரித்து மறுபடி மடித்தாள். “எனக்கு உட்காரத் தெரியவில்லை” என்று ஒரு குற்றவாளியைப்போல் சொன்னாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இதை நான் கவனித்ததே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் சாமைச் சோறு, கீரை, வேகவைத்த கிழங்கு, பிறகு பலாச்சுளை. தட்டு தானாக முன்னால் வந்தது, தானாக எடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் அவள் சட்டை மடிப்பதை நிறுத்தினாள். மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பலா மரத்தடியில் தூங்கிப்போனாள். பக்கத்தில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அவளை எழுப்பாமல் காவல் இருந்தோம்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் நடந்த ஒரு சம்பாஷணையை மறைக்க மனம் வரவில்லை.

பால் கறந்துகொண்டிருந்த அந்த அம்மாளிடம் என் மனைவி கேட்டாள்: “அக்கா, உங்களுக்கு எப்போது லீவு?”

அவர் சிரித்துவிட்டார். “மாட்டுக்கு லீவு விட்டால்தானே எனக்கு?” என்றார்.

விடிவதற்கு முன்னால் சாணி அள்ளுகிறார். தண்ணீர் எடுக்கிறார். சமைத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார். திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு, மறுபடியும் மாடு. துறையூர்ச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர மலையை விட்டு எங்கும் போனதில்லையாம். என் மனைவிக்குக் கிடைத்த ஓய்வு ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. இன்னொரு பெண் தன் வேலையோடு எங்கள் வேலையையும் சேர்த்துச் செய்ததால் வந்தது.

அன்று ராத்திரி நாங்கள் இருவரும் யோசித்தோம். அதன் பலனாக, மூன்றாம் நாள் ராச் சமையல் எங்களுடையது என்று அறிவித்தோம். சமையல்காரன் நான், மேற்பார்வை மனைவி. விறகு அடுப்பில் உப்புமா கிண்டினேன். அடி பிடித்தது, அடுப்பு ஊதியதில் கண் சிவந்தது. வீட்டுக்கார அம்மாளைக் கட்டிலில் உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தோம். அவர் வாங்கினார். உட்கார்ந்தார். எழுந்தார். ஆட்டைக் கட்டிவிட்டதா என்று பார்த்தார். முந்தானையை மடித்தார், பிரித்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். முதல் நாள் அவள் இருந்த இருப்பு அப்படியே எதிரில் இருந்தது!

உப்புமா எப்படி என்று நான் கேட்டேன். “மாட்டுக்கும் கொஞ்சம் வைப்போம்” என்றார். அது பாராட்டா இல்லையா என்பது இன்றுவரை தெரியவில்லை.

அமெரிக்காவில் தொடங்கிய கதை

பண்ணை வீட்டில் போய்த் தங்கும் இந்த வழக்கம் உலகத்தில் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவில் ஈட்டன் என்ற சகோதரர்கள் 1879-ல் டகோட்டாப் பிரதேசத்தில் மாட்டுப் பண்ணை வைத்தார்கள். கிழக்கே நகரங்களில் இருந்த நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கினார்கள். சாப்பாட்டுச் செலவிலேயே பண்ணை மூழ்கிவிடும்போல் இருந்தது. கடைசியில் 1882-ல் ஒரு விருந்தாளி, “பணம் வாங்கிக்கொண்டால்தான் தங்குவேன்” என்று பிடிவாதம் பிடித்தாராம். ‘டூட் ராஞ்ச்’ என்ற விருந்தினர் பண்ணைகள் அப்படித்தான் பிறந்தன. ‘டூட்’ என்றால் மாட்டைக் கண்டறியாத பட்டணத்துச் சொகுசுக்காரர் என்று அர்த்தம், அதாவது நான். 1904-ல் வயோமிங்குக்கு மாறிய அந்தப் பண்ணைதான் இவ்வகைப் பண்ணைகளுக்கெல்லாம் மூத்தது என்று பெயர் பெற்றது.

இத்தாலியில் இதற்கென்று 1985-ல் ஒரு சட்டமே இயற்றினார்கள். விருந்தாளியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விவசாயந்தான் பிரதானமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் மகாராஷ்டிர அரசு 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்தது.

இந்த இரண்டு விஷயமும் பச்சைமலைக்குப் போகிற நமக்கும் பொருந்தும். விருந்தாளி பணம் கொடுக்க வேண்டும். மனம் குளிரக் கொடுக்க வேண்டும். அதே சமயம், விருந்தாளிகளுக்காக மாட்டுக் கொட்டிலை இடித்து அறை கட்டும் நிலை வரக்கூடாது. மாடு போய்விட்டால், நாம் எதைத் தேடிப் போகிறோமோ அதுவும் போய்விடும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

தங்குமிடத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாமல் போகாதீர்கள். மங்களம் அருவியைப் பார்க்க ஆசை இருந்தால், மழைக்காலத்துக்குப் பிறகு போங்கள். மே மாதத்தில் பலாப்பழம் உண்டு, அருவியில் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

கறந்த பாலை நன்றாகக் காய்ச்சித்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். ‘பச்சைப் பால் உடம்புக்கு நல்லது’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். மாட்டிடமிருந்து சில நோய்கள் பச்சைப் பால் வழியாக நமக்கு வரும். மாட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கன்று ஈன்ற புதிதில் பசுவின் அருகே குழந்தைகளை விடாதீர்கள். நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்பும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டுபோனால், அதைத் திரும்பவும் கீழே கொண்டுவந்துவிடுங்கள். ஆடு தொடர்கதையைத் தின்றால் பாதகமில்லை. பிளாஸ்டிக்கைத் தின்றால் அதன் கதையே முடிந்துவிடும்.

முக்கியமாக ஒன்று. சாலையோரத்தில் பலாப்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதீர்கள். பெரிய ஓட்டலில் நாம் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிற பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கிளம்புகிற அன்று அந்த அம்மாள் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வண்டியில் வைத்தார். அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். “ஸ்ரீரங்கத்துக்கு ஒரு தடவை வாருங்கள் அக்கா. பெருமாளைச் சேவித்துவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருக்க வேண்டும். நீங்கள் சும்மா உட்கார வேண்டும்” என்றாள் என் மனைவி. “மாட்டை யார் பாக்கறது?” என்று அவர் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவருடைய மகன் மட்டும் கன்றைத் தடவிக்கொண்டே, “நான் பாக்கறேன், நீ போயிட்டு வா” என்று மெதுவாகச் சொன்னான். அந்த அம்மாள் திரும்பி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐப்பசியிலோ மார்கழியிலோ அவர் வருவாரா, தெரியாது. வாசல் அறையில் ஒரு கட்டில் மட்டும் காலியாகப் போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது புதிதாக ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. சாயங்காலம் நான்கிலிருந்து நாலரை மணி வரை அம்மாவை யாரும் கூப்பிடக்கூடாது. குழந்தைகள் அதற்கு ‘அசைபோடும் நேரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் காபி போடுகிற பொறுப்பு என்னுடையது. காபி எப்படி இருக்கிறது என்று இதுவரை நான் கேட்கவில்லை.